மிசிசிப்பியில் ராத்தங்கல்: கோளாறு வந்தால் எதை முதலில் பார்ப்பது?

விஸ்கான்சின் மாநிலம் லா கிராஸில் வீடு. கோடையில் வாரக்கடைசி வந்துவிட்டால் படகில்தான் இருப்பேன். 22 அடி அலுமினியப் படகு, பின்னால் வெளியே மாட்டிய 90 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், முன்னால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு குட்டிக் கேபின். இந்தப் பக்கம் நம் ஆட்களும் ஓரிருவர் படகு வாங்க ஆரம்பித்துவிட்டதால், ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வருகிறது. "அண்ணா, படகு நகர்ற மாதிரியே இருக்கு, என்ன பண்றது?" நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பூல்ல எந்த இடத்துல இருக்க?"

அது என்ன பூல் என்று கேட்பவர்களுக்கு: மினியாபொலிஸிலிருந்து செயின்ட் லூயிஸ் வரைக்கும் மிசிசிப்பி ஒரே ஆறாகத் தெரிந்தாலும் அது உண்மையில் ஒரு படிக்கட்டு. 9 அடி ஆழமுள்ள படகுத் தடத்துக்கு 1930இல் அமெரிக்க காங்கிரஸ் அனுமதி கொடுக்க, அணையும், படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் லாக்குமாக வரிசையாகக் கட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு அணைகளுக்கு நடுவில் நிற்கும் நீர்தான் பூல். கீழ்முனையில் இருக்கும் அணையின் எண்ணே பூலின் எண். லா கிராஸ் இருப்பது 8ஆம் பூல். அதன் அணை ஜெனோவா என்ற ஊரில்.

ஒவ்வொரு பூலுக்கும் தலை, இடை, கால் என்று மூன்று பகுதி உண்டு. தலையில், மேல் அணையிலிருந்து வெளியேறும் தண்ணீர் வேகமாக ஓடும். மரமடர்ந்த திட்டுகள், மணல் தரை. இடையில் சதுப்பும் கிளை வாய்க்கால்களும். அடியில் சேறும் பாசிச் செடிகளும். இந்த வாய்க்கால்களை இங்கே ஸ்லூ என்பார்கள். காலில், அணைக்குச் சற்று மேலே, ஆறு ஏரியாக விரிந்துவிடும். அங்கே காற்றுதான் ராஜா. ஒரே கோளாறுக்கு இந்த மூன்று இடத்திலும் மூன்று காரணம். அதனால்தான் அந்தக் கேள்வி.

"நங்கூரம் பிடிக்கவே மாட்டேங்குது"

முதலில் கயிற்றைப் பாருங்கள், நங்கூரத்தை அப்புறம் திட்டலாம். தண்ணீரின் ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனை எவ்வளவு உயரமோ அதையும் கூட்டி, ஏழால் பெருக்குங்கள். 8 அடி ஆழம், முனை 2 அடி உயரம் என்றால் 70 அடி கயிறு வெளியே போயிருக்க வேண்டும். போன் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் 25 அடி விட்டுவிட்டு "போட்டாச்சு அண்ணா" என்கிறார்கள். கயிறு நெட்டுக்குத்தாக நின்றால் நங்கூரத்தை அது மேலே தூக்கும். படுத்தவாக்கில் இழுத்தால்தான் தரைக்குள் கொத்தும். அதைப் படுக்க வைக்கத்தான் கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் ஆறேழு அடி சங்கிலி.

கயிறு சரியாக இருந்தும் பிடிக்கவில்லையா? கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தந்தி போல ஒரே சீராக இறுகி நின்றால் பிடித்திருக்கிறது. தடக், தடக் என்று கைக்குள் அதிர்ந்தால் அடியில் துள்ளிக்கொண்டு வருகிறது. மேலே இழுத்துப் பாருங்கள். பூலின் இடைப்பகுதியில் என்றால் நங்கூரத்தின் தரையைக் கொத்தும் இரண்டு இதழ்களுக்கும் நடுவில் சந்தையில் விற்கிற கீரைக்கட்டு போல ஒரு பெரிய பச்சைக் கட்டு சிக்கியிருக்கும். நீளநீளமான நாடா இலைகள். அந்தக் கட்டோடு எத்தனை முறை போட்டாலும் பிடிக்காது. பிய்த்து எறிந்துவிட்டு, செடி இல்லாத இடமாக ஐம்பதடி தள்ளிப் போடுங்கள்.

தலைப்பகுதி மணலில் கதை வேறு. அங்கே தரை கெட்டியாக இறுகியிருக்கும். நங்கூரத்தை இதமாகக் கொத்தவைக்க வேண்டும். முனையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, படகு நின்றதும் நங்கூரத்தைக் கையால் இறக்குங்கள். வீசக்கூடாது. ஓட்டம் படகைப் பின்னால் தள்ளத் தள்ளக் கயிறு விடுங்கள். முழுசும் போனதும் முனையில் கட்டி, எஞ்சினை ரிவர்ஸில் மெதுவாக அரை நிமிஷம் வையுங்கள். கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு மரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றுக்கொன்று விலகாமல் நின்றால் நீங்களும் நிற்கிறீர்கள். போனில் இருக்கும் நங்கூர அலாரம் நல்லதுதான், ஆனால் இந்த இரண்டு மரத்தின் மேல் எனக்கு அதைவிட நம்பிக்கை.

இன்னொன்று. என் முதல் வருஷத்தில் காளான் வடிவ நங்கூரம் ஒன்றை வைத்திருந்தேன். கனமாக இருந்ததால் போதும் என்று நினைத்தேன். குளத்தில் மீன் பிடிக்க அது போதும். ஓடுகிற ஆற்றில் கனம் பிடிக்காது, கொத்துகிற இதழ்தான் பிடிக்கும். இங்கே மணலுக்கும் சேற்றுக்கும் இரண்டு தட்டை இதழ் கொண்ட டான்ஃபோர்த் வகைதான் என் தேர்வு.

"பின்பக்கம் வழியா தண்ணி உள்ளே ஏறுது"

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்படி நடந்தால் படிப்பதை நிறுத்திவிட்டுக் கயிற்றை வெட்டுங்கள். நங்கூரம் கடையில் கிடைக்கும்.

காரணம் ஒன்றே ஒன்று: நங்கூரத்தைப் படகின் பின்னால் கட்டியிருப்பது. எஞ்சினும் பேட்டரியும் பெட்ரோலும் அங்கேதான் இருக்கின்றன, பின்சுவரும் தாழ்வு. ஓட்டம் இழுக்க இழுக்க அது இன்னும் தாழும், ஒரு அலை ஏறும், அடுத்த நிமிஷம் படகு இருக்காது. நங்கூரம் எப்போதும் முன்முனையில்தான். முனைக்குப் பக்கத்தில் ஒரு கத்தி, உறையோடு, இருட்டில் கை போகும் இடத்தில் இருக்கட்டும்.

"சாயங்காலம் பிடிச்சது, நடுராத்திரி விட்டுடுச்சு"

பூலின் கால்பகுதியில் என்றால் காற்றைச் சந்தேகப்படுங்கள். நீரோட்டம் தெற்கே போகும். தெற்கிலிருந்து காற்று வீசினால் படகு நங்கூரத்தின் தலைக்கு மேலேயே வந்து நின்று, தொய்ந்த கயிறு இதழில் சுற்றிக்கொள்ளும். பிறகு காற்று அடங்கியதும் படகு பழைய திசைக்குத் திரும்பும்போது கயிறு நங்கூரத்தைப் பின்பக்கமாகப் பிடுங்கிவிடும். இடி மழை வரும் என்று தெரிந்தால் அங்கே தங்கவே தங்காதீர்கள். இருட்டுவதற்குள் ஒரு திட்டின் பின்னால் போய்விடுங்கள்.

தலைப்பகுதியில் என்றால், மேலே எங்கோ மழை பெய்து ஆறு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றடி ஏறினால், முன்னே சொன்ன 70 அடிக் கயிற்றின் ஏழு மடங்குக் கணக்கு ஐந்தரைக்கும் கீழே போய்விடும். ஏறுகிற ஆறு சும்மாவும் வராது, கரையில் கிடந்த கட்டைகளை எல்லாம் வாரிக்கொண்டு வரும்.

ஒரு ஜூன் மாதம் லா கிராஸுக்குக் கீழே ஒரு திட்டின் ஓரத்தில் தங்கியிருந்தோம். ராத்திரி இரண்டரை இருக்கும். படகு விநோதமாக முன்னால் குனிந்தாற்போல ஒரு உணர்வு. டார்ச் அடித்தால், என் கயிற்றின் குறுக்கே வேரும் கிளையுமாக ஒரு முழுக் காட்டன்வுட் மரம். அதன் மேல் தண்ணீர் சலசலவென்று ஏறி இறங்குகிறது. முனை ஒரு சாண் தாழ்ந்துவிட்டது. கையால் தள்ளலாம் என்று என் மச்சான் காலைத் தூக்கினார்; சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அந்த மரம் ஒரு புரட்டுப் புரண்டால் கால் போகும். செய்ய வேண்டியது இதுதான்: எஞ்சினைப் போடு, லைஃப் ஜாக்கெட்டை மாட்டு, கயிற்றின் கடைசி முனையில் ஒரு மிதவையைக் கட்டு, மொத்தத்தையும் ஆற்றில் விடு. மரம் தன் வழியே போனது. நாங்கள் திட்டின் பின்னால் இரண்டாவது நங்கூரத்தில் விடியும்வரை தூங்காமல் கிடந்தோம். காலையில் அரை மைல் கீழே மிதவை ஆடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து ராத்திரியில் மிதவை ஏற்கெனவே கட்டியேதான் இருக்கும். கயிற்றை முடிச்சுப் போட்டு இறுக்குவதில்லை. முனையில் கயிறு கட்டும் உலோகக் கொம்பில் எட்டுப் போட்டுச் சுற்றுவதோடு சரி. பாரம் ஏறிய முடிச்சை இருட்டில் அவிழ்க்க முடியாது.

"தண்ணி திடீர்னு கரையை விட்டு உள்வாங்குது"

2004க்குப் பிறகு இந்த வார்த்தையைக் கேட்டாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். இது அது இல்லை. பார்ஜ் என்கிற தட்டையான சரக்குப் படகுகளின் வரிசை ஒன்று வருகிறது. இங்கே ஒரு தள்ளுபடகு சாதாரணமாகப் பதினைந்து பார்ஜுகளைக் கட்டித் தள்ளும்: அகலத்தில் மூன்று, நீளத்தில் ஐந்து. ஒவ்வொன்றும் 195 அடி நீளம், 35 அடி அகலம். கிட்டத்தட்ட ஆயிரம் அடிச் சோளமும் சோயாவும் நகர்கிறபோது அது இடம்பெயர்க்கும் தண்ணீர், ஓரத்திலிருந்து முதலில் இழுபட்டுப் பிறகு திரும்பி வரும். திரும்பி வருவதுதான் ஆபத்து. மூக்கை மணலில் ஏற்றி நிறுத்தியிருக்கும் படகு என்றால், முதல் இழுப்பில் தரைதட்டும்; அது அசைய முடியாமல் கிடக்கும்போது அலை பின்சுவர் வழியே உள்ளே வரும்.

தடத்தை ஒட்டிய மணல்மேட்டில் ராத்திரி படகை ஏற்றாதீர்கள். முழங்கால் ஆழத்தில் மிதக்க விட்டு, முன்னால் ஒரு கயிறு கரைக்கு, பின்னால் ஒரு நங்கூரம் ஆழத்துக்கு. ('பின்னால் கட்டாதே' என்று இப்போதுதானே சொன்னாய் என்பீர்கள். இங்கே ஓட்டத்தை வாங்குவது முன்கயிறு. பின்நங்கூரம் படகு கரைமேல் சாயாமல் பிடிக்க மட்டும். ஓட்டம் உறைக்கிற இடமென்றால் இதுவும் வேண்டாம்.) நிஜமான தீர்வு, தடத்தின் கண்ணில் படாமல் ஸ்லூவுக்குள் போய்விடுவது. அங்கே அலை வந்து சேருவதற்குள் செத்துவிடும்.

"காலையில பார்த்தா படகு மணல்ல உட்கார்ந்திருக்கு"

மழை பெய்து வரத்து கூடினால் நீர்மட்டமும் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். பூலின் காலில் அது தலைகீழாகவும் நடக்கும். பல பூல்களில் அணைக்குப் பொறுப்பானவர்கள் மட்டத்தை நிலையாக வைத்திருக்கப் பார்ப்பது பூலின் நடுவில் இருக்கும் ஓர் இடத்தில். 8ஆம் பூலுக்கு அந்த இடம் லா கிராஸ். வரத்து கூடும்போது நடுவில் ஏறாமல் இருக்க அணையின் கதவுகளைத் திறப்பார்கள், அணைக்குப் பக்கத்தில் தண்ணீர் இறங்கும். ஜெனோவாவுக்கு மேலே இரண்டடித் தண்ணீரில் சுகமாகத் தூங்கியவர் காலையில் சேற்றில் எழுந்திருப்பது இப்படித்தான். ராணுவப் பொறியாளர் படை தினமும் நீர்மட்டத்தையும் அடுத்த சில நாட்களுக்கான கணிப்பையும் வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள்.

உட்கார்ந்தாயிற்று, இனி? எஞ்சினை முறுக்கி வெளியே வரப் பார்க்காதீர்கள். மணலைக் குடித்துவிட்டு அதுவும் படுத்துக்கொள்ளும். எஞ்சினைத் தூக்கி வையுங்கள், கனமான சாமான்களை ஆழமான பக்கத்துக்கு மாற்றுங்கள், நங்கூரத்தை இடுப்பளவு தண்ணீர் வரை நடந்து கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து கயிற்றை இழுங்கள். நடக்கும்போது லைஃப் ஜாக்கெட். மணல்மேட்டின் விளிம்பு சட்டென்று பத்தடிக்கு இறங்கும்.

"நங்கூரம் வெளியே வர மாட்டேங்குது"

பூலின் காலில் என்றால் அடிக்கட்டை. 1930களில் அணை கட்டித் தண்ணீர் தேக்கும் முன், மூழ்கப்போகிற காட்டை வெட்டினார்கள், வேரோடு பிடுங்கவில்லை. அந்த அடிமரங்கள் இன்னும் தண்ணீருக்கு அடியில் நிற்கின்றன. ஸ்டாடர்டு ஊருக்கு எதிரே உள்ள அகன்ற நீர்ப்பரப்பில் வரைபடத்தை நம்பிக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், புரோப்பல்லர் கணக்குச் சொல்லும்.

சிக்கினால் கையால் மல்லுக்கட்ட வேண்டாம். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நங்கூரத்துக்கு நேர்மேலே போய், முனையில் கட்டி, ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் மெதுவாக நகருங்கள். விழுந்த திசைக்கு எதிராக இழுத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். வரவில்லையா, பக்கவாட்டில் ஒருமுறை. அதற்கும் வரவில்லை என்றால் கத்தி. அடிக்கட்டைப் பகுதியில் தங்கியே ஆக வேண்டும் என்றால், நங்கூரத்தின் தலையில் தனியாக ஒரு மெல்லிய கயிறும் மிதவையும் கட்டிப் போடுங்கள். காலையில் அதைப் பிடித்து இழுத்தால் பின்வாக்கில் எழுந்து வரும்.

"பாய்க்கு உள்ளேதான் வந்தேன், ஆனாலும் அடியில இடிச்சிருச்சு"

தடம் காட்டும் மிதவைகளை இங்கே பாய் என்கிறோம். ஆறு இறங்கும் திசையில் பச்சை உங்கள் வலக்கைப் பக்கம், சிவப்பு இடக்கைப் பக்கம். தங்குவதற்காகத் தடத்தை விட்டு ஒதுங்கும்போதுதான் பெரும்பாலும் இடிக்கும். இடிப்பது விங் டேம். அணைகளுக்கு முந்தைய காலத்தில், ஓட்டத்தை நடுவுக்குத் தள்ளித் தடத்தை ஆழமாக்க, கரையிலிருந்து குறுக்கே கல்லும் வில்லோ மிலாறுமாக அடுக்கிக் கட்டியவை. நம் ஊர் ஆற்றில் வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பப் போடும் கொரம்பின் அண்ணன் என்று வையுங்கள். அணை வந்ததும் அவை மூழ்கிவிட்டன, மறையவில்லை. கரையிலிருந்து குறுக்காக ஒரு கோடு போலத் தண்ணீர் சுருங்கி ஓடினால் அதுதான். பொறியாளர் படையின் வரைபடத்தில் ஒவ்வொன்றும் குறித்திருக்கிறது.

இடித்த பிறகு எஞ்சின் உறுமுகிறது, படகு மட்டும் ஊர்கிறது என்றால் புரோப்பல்லருக்குள் இருக்கும் ரப்பர் வழுக்குகிறது. பல்சக்கரங்கள் உடையாமல் இருக்க அது விட்டுக்கொடுத்திருக்கிறது, கோபிக்காதீர்கள். குறைந்த வேகத்தில் கரை சேரலாம். உபரிப் புரோப்பல்லரும் அதற்கான ஸ்பானரும் படகில் இருக்கட்டும்.

"எஞ்சின் சூடாகி அலாரம் அடிக்குது"

நிறுத்துங்கள், உடனே நங்கூரத்தைப் போடுங்கள். எஞ்சினைக் குனிந்து பார்ப்பது அதற்குப் பிறகு. தடத்தின் நடுவில் செத்த எஞ்சினோடு மிதப்பதைவிட ஆபத்து இந்த ஆற்றில் குறைவு. பிறகு எஞ்சினைத் தூக்கித் தண்ணீர் இழுக்கும் சல்லடையைப் பாருங்கள். முன்னே சொன்ன நாடா இலைதான் ஒட்டியிருக்கும். அதைக் களைந்து ஓட்டியும் பக்கத்தில் பீச்சும் சிறு தண்ணீர்த்தாரை வரவில்லையா? அந்தத் துளையில் மணல். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் இழையை நாலங்குலம் வெட்டி உள்ளே விட்டுக் குடையுங்கள். அப்படியும் இல்லை என்றால் உள்ளே தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம், இம்பெல்லர், போயிருக்கும். அது ஆற்றில் செய்கிற வேலை இல்லை.

உதவிக்குக் கூப்பிடும்போது "பெரிய மரத்துக்குப் பக்கத்துல" என்று சொல்லாதீர்கள். இந்த ஆற்றில் மைல் எண் உண்டு, இலினாய் மாநிலத்தின் கெய்ரோவில் ஒஹாயோ ஆறு சேரும் இடத்திலிருந்து எண்ணியது. ஜெனோவா அணை 679. கரையில் இருக்கும் அடையாளப் பலகையில் எண் எழுதியிருக்கும்.

"காலையில பேட்டரி செத்துப்போச்சு"

சின்னக் கணக்கு. 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதிதான் செலவழிக்கலாம். பழைய குண்டு பல்ப் நங்கூர விளக்கு 10 வாட் என்றால் பத்து மணி நேரத்தில் 8 ஆம்பியர்-மணி தின்னும். எல்இடி 2 வாட் என்றால் 2கூட ஆகாது. ஆனால் விளக்கு திருடன் இல்லை, குளிர்ப்பெட்டிதான் திருடன். ராத்திரி அதை அணைத்துவிட்டு ஐஸ் போடுங்கள். இரண்டு பேட்டரி வைத்திருந்தும் செத்தது என்றால், சுவிட்ச் 'இரண்டும்' என்ற இடத்தில் இருந்திருக்கும். ராத்திரியில் ஒன்று மட்டும். ஸ்டார்ட் செய்யும் பேட்டரி தனியே தூங்கட்டும்.

பேட்டரி மிச்சமாகட்டும் என்று நங்கூர விளக்கை மட்டும் அணைக்காதீர்கள்.

"விளக்கைச் சுத்தி பூச்சி, படகே தெரியலை"

ஜூன் கடைசி, ஜூலையில் மேஃப்ளை எழும். நம் ஊர் மழைக்கால ஈசலை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். அடிச்சேற்றில் வளர்ந்து ஒரே ராத்திரியில் கிளம்பும் கூட்டத்தை லா கிராஸ் வானிலை ராடாரில் மழை மேகம் போலப் பார்க்கலாம். கடிக்காது. ஆனால் செத்து விழுந்தால் மேல்தளம் வாழைப்பழத் தோல் போல வழுக்கும். கேபின் விளக்கை எல்லாம் அணையுங்கள், காலையில் வாளித் தண்ணீரால் கழுவுங்கள்.

"எழுந்ததிலிருந்து தலைவலி, எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்"

கேபினில் ஒருவருக்குத் தலைவலி என்றால் வெயிலாக இருக்கலாம். எல்லோருக்கும் என்றால் கார்பன் மோனாக்சைடு. ஜெனரேட்டர், காஸ் அடுப்பு, ஹீட்டர், பக்கத்துப் படகின் புகை, எதுவாகவும் இருக்கலாம். காரணம் தேடாதீர்கள். எல்லோரையும் வெளியே காற்றில் உட்கார வைத்து, எரிகிறதை எல்லாம் அணைத்து, 911க்குச் சொல்லுங்கள். கேபினுக்குள் அதற்கான அலாரம் இல்லாமல் ராத்தங்க வேண்டாம்.

"ஒண்ணுமே தெரியலை, ஒரே பனி"

ஆகஸ்டு, செப்டம்பர் விடியற்காலையில் ஆற்றின் மேல் மூடுபனி இறங்கும். கிளம்பாதீர்கள், அவ்வளவுதான். தடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் படகின் பேசும் ரேடியோவை 13ஆம் சேனலில் வைத்துக் கேளுங்கள். பார்ஜ் ஓட்டுபவர்கள் அதில்தான் பேசிக்கொள்வார்கள். உங்கள் மைல் எண்ணைச் சொல்லி, சிறு படகு நங்கூரத்தில் நிற்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இவ்வளவு சிறிய படகில் மணி கட்டாயமில்லை. ஆனால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது சத்தம் கொடுத்தாக வேண்டும். எங்கள் படகில் அது என் மனைவியின் பழைய குக்கர் மூடியும் ஒரு கரண்டியும். போன செப்டம்பரில் ஒருநாள் ஏழு மணியிலிருந்து ஒன்பதே கால் வரை தட்டினோம். பனி விலகியபோது முப்பதடி தள்ளி இன்னொரு படகு நின்றது. அதில் ஒரு பெரியவர் வாணலியைக் கீழே வைத்துவிட்டுக் கையசைத்தார்.